ஞாயிற்றுக்கிழமைச் சேனல்

"இந்தச் சேனல் பிள்ளைங்களுக்கு ஆகாதுங்க சார்" என்று கம்ப்யூட்டருக்கும் மேனேஜருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள் கீதாஞ்சலி. பொங்கலூர் ஹாஸ்டலுக்கு அவள்தான் வார்டன்.

திரையில் ஒரு டாக்டரம்மா வாயைத் திறந்தபடியே நின்றிருந்தார். கீழே, 'கர்ப்பிணிகள் என்ன சாப்பிடலாம்?' என்று எழுதியிருந்தது.

மேனேஜர் சிவராஜுக்குச் சுருக்கென்று வந்தது. "ஏனுங்க அம்மணி, இதென்ன ஆபாசப் படமா? படிச்ச டாக்டர் பேசறாங்க. பொம்பளப் புள்ளைங்க நாலு நல்லது தெரிஞ்சுக்கட்டுமே."

"நல்ல சேனல்தானுங்க, நான் குத்தம் சொல்லலீங்க. வயித்துல புள்ளையோட இருக்கறவங்க பாக்கட்டும். ஜடையைக்கூட ஒழுங்காப் பின்னத் தெரியாத இதுகளுக்கு எதுக்குங்க?"

"சென்னையில இருந்து, நமக்கு ஆர்டர் குடுக்கற சித்ரகலா மேடம் வந்துட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமையில இங்க என்ன காட்டறீங்கன்னு பாப்பாங்க. டாக்டரம்மாவைப் போடுங்க. மேடம் மொகம் கோணுச்சுன்னா, இன்னைக்கே நீங்க பெட்டியைக் கட்டிக்கலாம்."

பெட்டியைக் கட்டினால் அவளுக்குப் போக்கிடம் அண்ணன் வீடு ஒன்றுதான். அங்கே அண்ணி போடும் சோற்றில் உப்பைவிடக் குத்தல்தான் தூக்கலாக இருக்கும். அதை நினைத்தும் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

ஆபீசுக்கு இன்டர்நெட் வந்ததிலிருந்து, எந்தச் சேனலையும் முதலில் தான் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். ஒருத்தர் பாடம் நடத்துகிறேன் என்று தன் புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தார், தள்ளிவிட்டாள். இன்னொன்றில் வாய்ப்பாட்டுக்கு ஒரு குத்தாட்டம். பிள்ளைகளுக்கு ஆட்டம் மனப்பாடம் ஆயிற்று, வாய்ப்பாடு ஆகவில்லை.

கடைசியில் அகப்பட்டவர் ஒரு வழுக்கைத்தலை வாத்தியார். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பொறுமைக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று அவளுக்கு.

"அந்த வழுக்கையன் மட்டும் இன்னைக்கு வேண்டவே வேண்டாம்" என்றார் சிவராஜ். "அது குழந்தைங்க சமாச்சாரம்."

"இவங்களும் குழந்தைங்கதானுங்களே?"

"அந்தப் பேச்சே இங்க எடுக்காதீங்க!"

வாசலில் கார் வந்து நின்றது. சிவராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். குளித்தும் போகாத பஞ்சுத்துகள் தலையில் ஒட்டியிருக்க, திருநெல்வேலிப் பக்கத்து இசக்கி முட்டி மோதி முன்வரிசையைப் பிடித்தாள்.

"எக்கா, வழுக்கை சார் இன்னைக்கு வருவாரா?"

கீதாஞ்சலி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சித்ரகலா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் நின்ற சிவராஜ் தொண்டையைச் செருமினார்.

மவுஸைப் பிடித்த கீதாஞ்சலியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு டாக்டரம்மாவை மூடிவிட்டு, வேறொன்றைச் சொடுக்கினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிவராஜின் கண்ணும் கூடவே சுற்றியது.

வந்தார் வழுக்கை வாத்தியார், கையில் டார்ச் லைட்டும் ஒரு எலுமிச்சம்பழமுமாக. பாய் முழுக்க ஒரே கைதட்டல்.

"நிலா சின்னது, சூரியன் ரொம்பப் பெருசு. அப்புறம் எப்படி நிலா சூரியனை மறைக்குது?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார்.

"அது நமக்குப் பக்கத்துல இருக்குல்லா!" என்று துள்ளி எழுந்தாள் இசக்கி.

"என் கட்டைவிரலு உன் மூஞ்சியை மறைக்கிற மாதிரி!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஆளாளுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினார்கள்.

சித்ரகலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரொம்ப நல்லாயிருக்கே! எந்தக் கிளாஸ் பாடம் இது?"

"ஏழாங்கிளாசுங்க மேடம். இவங்க வயசுக்கு அதுதானுங்க சரி."

சித்ரகலாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பாயில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"சிவராஜ் சார், எங்க பனியன் ஆர்டரைக் கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டேன். உங்க கம்பெனியில வேலை செய்யற எல்லாருக்கும் பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. உங்க தையல் மிஷின்ல உட்கார்றவங்க இவங்கதானா?"

"பெரிய பொண்ணுங்கதானுங்க மேடம்!" சிவராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். "ஆளு பாக்கத்தான் சின்னதா இருப்பாங்க. யாருக்கு எந்த வீடியோ போடறதுன்னு இந்த வார்டனுக்குத்தான் தெரியலீங்க."

கீதாஞ்சலி நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுதானுங்க போட்டேன்."