திருப்பி அழைக்கும் விதி

எங்கள் மருத்துவமனைக் கணினிகளை ஒருமுறை இணையத் திருடர்கள் பணம் கேட்டுப் பூட்டிவிட்டார்கள். நர்ஸ் மாதிரிப் பேசி, போனிலேயே பாஸ்வேர்டு வாங்கி நுழைந்தவர்கள். அன்றிலிருந்து கணினிப் பிரிவில் இருக்கும் எனக்கு ஒரே விதி: யார் பாஸ்வேர்டு கேட்டாலும் போனை வைத்துவிட்டு, பட்டியலில் அவர்களுக்குள்ள எண்ணுக்கு நானே திருப்பி அழைக்க வேண்டும். எடுத்தால் கொடுக்கலாம்.

இன்று காலை பத்து மணிக்கு ஒரு அழைப்பு.

"தம்பி, பெரியக்கா பேசறேன். கம்ப்யூட்டர் உள்ள விடமாட்டேங்குது. ஏழாம் பெட்டுக்கு மருந்து நேரம்."

பெரியக்கா எங்கள் தலைமை நர்ஸ். இறந்து இரண்டு மாதமாகிறது. அவர் கணினிக் கணக்கை மூடியதும் நான்தான். அவர் மேசை போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, என் டிராயரில் போட்டதும் நான்தான். குரலைக்கூட அப்படியே பிடித்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வைங்க, நானே கூப்பிடறேன்" என்றேன்.

பட்டியலில் அவர் எண்ணை இன்னும் யாரும் நீக்கவில்லை. யார் எடுக்கப்போகிறார்கள் என்ற தெம்பில் அழுத்தினேன்.

என் டிராயருக்குள் மணி அடித்தது. மூன்றாவது மணியில் நின்றது.

"சரிபாத்தாச்சுல்ல தம்பி?" என்றது என் காதிலிருந்த ரிசீவரில் அதே குரல். "இப்ப சொல்லு. மருந்து நேரம் தாண்டுது."