திறந்த ஊக்கு

சேந்தன் எழுந்து பல் தேய்த்து, ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் குடித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான். ரவுண்டானாவில் புதிதாக நிறுத்தியிருந்த எஃகுச் சிற்பம் இன்றும் அவனைப் போகவிடவில்லை. சேலைக்குக் குத்தும் ஊக்குதான், இரண்டு மாடி உயரத்தில், வாய் திறந்தபடி. ஐந்து நாளாக அதையே சுற்றிச் சுற்றி வந்து பேருந்தைத் தவறவிடுகிறான்.

இன்று வேலியைத் தாண்டிப் போய், சாய்ந்து நின்ற ஊசியில் தோளை வைத்து முட்டினான்.

காவலாளி ஓடிவந்தார். "சார், என்ன பண்றீங்க?"

"இதை மூடணும்."

"நல்லா மூடுனீங்க! ரெண்டு டன்னு சார். கிரேனே மூச்சு வாங்கிடுச்சு. தொறந்து கெடந்தாத்தான் அழகாம்."

சேந்தன் மறுபடி முட்டினான். அது அசையவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் இப்படியொரு காலையில்தான், அவன் மனைவி கோமளா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டி, முந்தானையில் குத்திவிடச் சொல்லி முதுகைக் காட்டி நின்றாள். அவன், "நேரமாச்சு, ஏறு" என்று பைக்கை உதைத்தான். மூன்றாவது தெருத் திருப்பத்தில் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

ஏறி உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "சரி, கையிலயே புடிச்சுக்கறேன். நீங்க போங்க."