தொட்டால் திறக்கும் அட்டை

அபூ ராஷித் என் அட்டையைத் தன் கைபேசியின் முதுகில் வைத்தார்.

திரை மின்னியது. என் படம், முன்திர் என்கிற என் பெயர், எண், பதவி. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"பாத்தீங்களா!" என்று கத்தியே விட்டேன். தோஹா கண்காட்சியின் கடைசி நாள். மூன்று நாட்களில் இதை எத்தனையோ பேருக்குச் செய்து காட்டிவிட்டேன். இன்று காலையிலிருந்துதான் குரல் இப்படித் துள்ளுகிறது. நிறுத்தினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.

அபூ ராஷித் கட்டட ஒப்பந்தக்காரர். நானூறு ஊழியர்கள். மூத்த மகன் பெயரைச் சேர்த்து, 'ராஷிதின் தகப்பன்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இந்தச் சில்லுக்குள்ள பேரும் இல்ல, நம்பரும் இல்ல. ஒரு முகவரி மட்டும்தான் இருக்கு. அது இணையத்துல இருக்கிற உங்க பக்கத்தைத் திறக்கும். நாளைக்கு ஒருத்தருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறீங்கன்னு வைங்க, அந்தப் பக்கத்துல மாத்தினா போதும். போன வருஷம் கொடுத்த அட்டையும் புதுப் பதவியைத்தான் காட்டும்!"

அவர் அங்கியின் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு எடுத்தார். அத்தனையும் காகித அட்டைகள்.

"இது சார்ஜ் கேக்காது, தம்பி."

கூட வந்த இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக.

"சரி, இப்ப மாத்திக் காட்டு. என் கண்ணு முன்னாடி."

"இங்கிருந்து முடியாதுங்க. அலுவலகத்துலதான் மாத்தணும்."

"அப்ப உன் ஆபீஸைக் கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. இடக்கையில் குடுவையையும் வலக்கையில் கோப்பையையும் எடுத்து அவருக்கு இரண்டாவது காப்பியை ஊற்றினேன். வந்தவர் காலிக் கோப்பையை ஆட்டிக் காட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டும்வரை அவர் போகமாட்டார்.

என் கைபேசி மேசையில் மல்லாந்து கிடந்தது. காலை ஆறு மணிக்கு எங்கள் ஊரான இர்பிதிலிருந்து மாமியார் அனுப்பிய செய்திக்குப் பிறகு அதில் எதுவும் வரவில்லை.

'பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள். தீமா இன்னும் கண் விழிக்கவில்லை.'

என் மனைவிக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. விடியுமுன் அறுவை சிகிச்சை. நிறைய ரத்தம் போயிருக்கிறது. காத்திருக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். எனக்குக் கிடைத்த முதல் விமானம் மாலை ஐந்து மணிக்குத்தான். அதுவரை விடுதி அறையில் உட்கார்ந்திருந்தால் சுவரைப் பிறாண்டியிருப்பேன்.

நான் தகப்பனாகி ஐந்து மணி நேரம் ஆகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தீமா விழிக்காமல் சந்தோஷத்தை வெளியே விடப் பயமாக இருக்கிறது.

அபூ ராஷித் கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்தார். பக்கம் மறுபடி ஏறியது.

"மாறலையே."

இன்னொரு முறை இழுத்தார்.

"இப்பவும் மாறலையே! என்ன தம்பி, உன் ஆபீஸ்ல தூங்குறாங்களா?"

மூன்றாவது கோப்பையை ஊற்றினேன். காப்பி கொஞ்சம் என் விரலில் சிந்தியது. சூடே தெரியவில்லை. அவர் ஒரே மடக்கில் குடித்தார். மணிக்கட்டைத் தூக்கினார். ஆட்டப்போகிறார். ஆட்டுவதற்கு முன், வேடிக்கைக்காக, கடைசியாக ஒரு முறை திரையை இழுத்தார்.

மணிக்கட்டு அப்படியே நின்றது.

நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"தம்பி, உன் பேரு முன்திர்தானே?"

"ஆமா."

"இங்க அபூ ஜுமானான்னு இருக்கு."

நானூறு ஊழியர்களின் முதலாளி கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினேன்.

அதே படம். அதே எண். பெயர் இருந்த இடத்தில், அபூ ஜுமானா.

ஐந்து பெயர்களை வைத்துக்கொண்டு போன வாரம் முழுவதும் சண்டை போட்டோம். ஜுமானா தீமா சொன்ன பெயர். நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

திரையை இழுத்தேன். என் கண் முன்னாலேயே அடுத்த வரியும் மாறியது. 'நிறுவனர்' என்ற பதவி காணாமல் போயிருந்தது. அங்கே இப்படி இருந்தது:

'ஐந்து மணி விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்.'

நான் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து அரங்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மூன்று நாட்களில் என் அட்டையை வாங்கிய எல்லோரும் திறந்து பார்க்கட்டும்!

அபூ ராஷித் என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். சொந்தக்காரனிடம் செய்வதுபோல் தன் மூக்கை என் மூக்கில் வைத்து அழுத்தினார்.

"பொண்ணு பொறந்திருக்கு, வாயே திறக்கலையேடா நீ! மப்ரூக், அபூ ஜுமானா! நானூறு அட்டைக்கும் எழுதிக்கோ." கைபேசியைத் திரும்ப வாங்கி, அந்தப் பெயரை இன்னொரு முறை பார்த்தார். "எள்ளுன்னா எண்ணெயா நிக்கிற ஆளுங்கப்பா. உன் ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டே பேரு," என்றேன். "ஒருத்தன் நான்."