கொசு வயிற்றுக்கு ஒரு மாத்திரை

“காய்ச்சலுக்கு மருந்து குடுத்தாச்சுண்ணே. இது ஆராய்ச்சி மாத்திரை. இஷ்டமிருந்தா மட்டும் சாப்பிடுங்க,” என்றாள் மலேரியா வார்டு நர்ஸ்.

“இதனால எனக்கு என்னம்மா லாபம்?” என்றார் தச்சர்.

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்களைக் கடிச்ச கொசுவோட வயித்துலதான் கிருமி அடுத்த கட்டம் வளரும். அதை முடுக்கிவிடுறது கைனேஸ்னு ஒரு புரதம். இந்த மாத்திரை அதை அடக்குதான்னு பாக்குறோம். அடக்கிட்டா, அந்தக் கொசு அடுத்தவங்களைக் கடிச்சாலும் நோய் பரவாது.”

தச்சர் மாத்திரையையே பார்த்தார்.

“சின்னது ஒண்ணு இருக்கும்மா. கொசுவலையை உதைச்சுத் தள்ளிட்டுத்தான் தூங்கும். அவங்கம்மா திட்டாத நாளில்ல. கையெழுத்து எங்க போடணும்?”

போட்டார். மாத்திரையை விழுங்கினார்.

“குழந்தைக்கும் ரத்தம் பாக்கணும். பேரு சொல்லுங்க.”

“தெரியாதும்மா.”

“பெத்த பிள்ளை பேரா தெரியாது?”

“என் தம்பி பிள்ளைம்மா. பக்கத்து வீடு. ‘பாப்பா’ன்னு கூப்பிடுறதும் திட்டுறதும்தான் சுவர் வழியா கேக்கும்.” அவர் குரல் இறங்கியது. “நானும் அவனும் பேசி ஆறு வருஷமாச்சு.”

நர்ஸ் பேனாவை மூடினாள்.

“பேரை அவன்கிட்ட நீயே கேட்டுக்கம்மா. நான் மாத்திரை சாப்பிட்டதை மட்டும் சொல்லிடாத.”