மஞ்சள் எழுத்துகள்

“மூடுன்னா மூடு! இன்னும் எத்தனை தடவை—”

“மூட மாட்டேன்க்கா. முதல்ல நான் சொல்றதை—”

“காலையிலேர்ந்து அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்! கோப்பு எண் இருபத்தாறு. கொடையாளர் கிடைக்கலைன்னு எழுது, மூடு.”

எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம் அது. மொத்தமே நான்கு மேசைகள். கத்தியவர் மேலாளர், எதிர்த்துக் கத்தியவள் புரோகிராமர். மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். போனதே இந்தச் சண்டையிலிருந்து தப்பிக்கத்தான்.

“முழுசாப் பொருந்துற ஆள் அவர் ஒருத்தர்தான்க்கா. டாக்டர் கொடுத்திருக்கிற கெடு பதினைஞ்சு நாள். அதுக்குள்ள மஜ்ஜை மாத்தலைன்னா அந்த உயிர் தங்காது.”

“அந்த ஆள்தான் பொய் நம்பர் கொடுத்துட்டுப் போயிட்டானே! கடிதம் போட்டா வீடு மாறிட்டான்னு திரும்பி வருது. ஃபோன் போட்டா அப்படி ஒரு எண்ணே இல்லைங்குது. முகாம்ல பிஸ்கட் கொடுத்த நன்றிக்குப் பேர் எழுதிட்டுப் போறவங்களை நான் பார்க்காததா?”

“அவர் சரியாத்தான் கொடுத்தார். நாமதான் கடைசி எண்ணை முழுங்கிட்டோம்.”

“என்ன உளர்றே?”

புரோகிராமர் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். மஞ்சள் எழுத்தில் ஒரு வரி: ‘தொலைபேசி எண் இடத்தைவிட நீளம். கடைசி எண் வெட்டப்பட்டது.’

“இன்னைக்குப் புதுசா ஒருத்தர் பேரை ஏத்தினப்ப வந்த எச்சரிக்கை இது. பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கோம். முன்னாடி கூட்டல் குறியோட நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுதினா பதிமூணு. சர்வர் மாட்டேன்னு சொல்லாது, வெட்டிட்டு வாங்கிக்கும். ஆனா வெட்டிட்டேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிடும்.”

“சொல்லுச்சுன்னா ஏழு வருஷமா எனக்கு ஏன் தெரியல?”

“சர்வருக்கும் நம்ம திரைக்கும் நடுவுல ஒரு லைப்ரரி இருக்குக்கா. அங்க சொல்றதை இங்க கொண்டுவந்து கொடுக்கிற ஆள் மாதிரி. எச்சரிக்கை வந்தா என்ன செய்யணும்னு நாமதான் அதுக்கு எழுதிக் கொடுக்கணும். இன்னைக்குக் காலையில அழிக்கிற வரைக்கும் அதுல நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ஒண்ணும் செய்யாதேன்னு.”

“அடிப்பாவி!”

“திரை முழுக்க மஞ்சளாக் கொட்டுது, கண்ணு வலிக்குது, அதோட வாயை அடைன்னு சொன்னது யாரு?”

“நான் ஆயிரம் சொல்வேன். சொன்னா அடைச்சிடுவியா?”

“இப்ப மட்டும் மூடுன்னா மூடணுமாக்கும்!”

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “சரி, இனிமே வர்றவங்களுக்காவது திருத்து. பழசுக்கு என்ன பண்ணுவே? அசல் படிவமெல்லாம் மழைத் தண்ணியில போயிடுச்சே.”

“போனது ஒரே ஒரு எண். பூஜ்யத்துலேர்ந்து ஒன்பது வரைக்கும் போட்டுப் பார்த்தா பத்தே ஃபோன்.”

“கூடாது. முப்பத்தேழு பேர் காத்திருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் இப்படி ஊரையே கூப்பிட்டா, மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? அந்த நோயாளியே, போதும் விட்டுடுங்கன்னு எழுதிக் கொடுத்தாச்சு.”

“அதைப் படிச்சதாலதான் விட மாட்டேங்கறேன். மத்த முப்பத்தாறு பேருக்கும் பண்ணுவேன். எங்கேயாவது ஆரம்பிக்கணும்ல?”

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒலிபெருக்கியைப் போட்டு எண்களை அழுத்தினாள்.

பூஜ்யம்: எண் உபயோகத்தில் இல்லை. ஒன்றில் ஒரு பெண்மணி, “சட்டை தைச்சாச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு!” என்று அதட்டினார். இரண்டு எடுக்கவில்லை. மூன்றில் வந்தவர் இவர்கள் எதையோ விற்க வந்தவர்கள் என்று நினைத்து வைத்துவிட்டார். நான்கு, ஐந்து, ஆறு எல்லாவற்றிலும், மஜ்ஜையா, நாங்கள் எங்கும் பேர் கொடுக்கவில்லையே என்றார்கள்.

“போதும், வை” என்றார் மேலாளர். குரலில் இப்போது கோபம் இல்லை.

ஏழு. பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடுகிற இரைச்சல்.

“கொடையாளர் பதிவகத்துலேர்ந்தா?” மறுமுனையில் ஓர் ஆண் குரல். “அட, ஏழு வருஷமாச்சே! என் மஜ்ஜை ஒருத்தருக்கும் ஆகாதுபோலன்னு நினைச்சுக்கிட்டேன். எப்ப வரணும்? இப்பவே லீவு சொல்லிடறேன்... அப்புறம், தப்பா நினைக்காதீங்க. யாருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?”

மேலாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

புரோகிராமர் ஃபோனை விரலால் பொத்தி அவரிடம் நீட்டினாள். “நான் பேர் சொல்லக் கூடாதுக்கா. நீங்களே ஒரு வார்த்தை பேசுங்க, உங்களைப் பிழைக்க வைக்கத்தானே அவர் வர்றார்?”