புருவ உயரம்

ரெக்ஸ்லின் வளர்ந்திருந்தாள்.

அதை, கூடவே பயிற்சி எடுக்கும் அவள்தான் முதலில் கவனித்தாள். ரெக்ஸ்லினைப் பெற்றவள்கூடக் கவனித்திருக்க மாட்டாள். பொறாமைப்படுகிறவளைப் போல வேறு யார் உற்றுப் பார்ப்பார்கள்?

கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கையில் அதே கம்பு. பிடியில் அதே சிவப்பு நாடா.

அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

சிலம்பக் கம்பு, ஆடுகிறவரின் புருவத்துக்கு வரவேண்டும். மேலே போகக் கூடாது. கீழே இறங்கக் கூடாது. களத்துக்குள் விடுவதற்கு முன்னால் நடுவர் கம்பை நிறுத்திவைத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இது மாநிலத் தேர்வு. இந்த வயதுப் பிரிவிலிருந்து ஒருத்திதான் தேசியப் போட்டிக்குப் போவாள். அவளுக்கு இந்தப் பிரிவில் இதுதான் கடைசி வருடம்.

போன வருடம் போனது ரெக்ஸ்லின்.

ஒரு வகுப்பு சின்னவள். கம்பு பிடிக்க வந்ததே அவளுக்கு அப்புறம்தான். முதுகில் தமிழ்நாடு என்று எழுதிய ஜெர்கின் ஒன்று கொடுத்தார்கள். மே மாத வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் பயிற்சிக்கு வந்தாள். கேட்டால், "குளிருதுக்கா" என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் ரெக்ஸ்லினின் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். ஒரு மழையில் அது கிழிந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது. மறுவாரம் அதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டினார்கள்.

மாஸ்டர் வேறு. எல்லாரையும் கம்பைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ரெக்ஸ்லின் சுற்றுவதைப் பார்க்கச் சொல்வார். கம்பு ரெக்ஸ்லினின் கழுத்தைச் சுற்றிப்போகும். முதுகுக்குப் பின்னால் கை மாறும். தலைக்கு மேலே கம்பே தெரியாது, வட்டம்தான் தெரியும்.

நழுவ வேண்டும், நழுவ வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வாள்.

நழுவாது. வயிறு எரியும். வீட்டு மொட்டைமாடியில் அதையே செய்து பார்த்து, கொடியையும் அதில் காய்ந்த துணியையும் இழுத்துக் கீழே போட்டாள்.

இன்றைக்கு நழுவவே வேண்டாம்.

கம்பு குறையும் என்று சொல்லிவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெக்ஸ்லின் அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல." ரெக்ஸ்லின் தண்ணீர் குடித்தாள்.

அவளும் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல உட்கார்ந்திருந்தாள்.

ரெக்ஸ்லினின் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவர் கம்பை வாங்கி, ரெக்ஸ்லினின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

நுனி சரியாகப் புருவத்தில் நின்றது.

கம்பு புதுசு. ராசியான நாடா என்று ரெக்ஸ்லின் பழைய கம்பிலிருந்து அவிழ்த்து இதில் கட்டியிருக்கிறாள். அவள் பார்த்தது நாடாவை மட்டும்தான்.

ரெக்ஸ்லின் ஆடினாள். எப்படி ஆடினாள் என்று அவளைக் கேட்கக் கூடாது. அரங்கு முழுக்கக் கைதட்டியது. அவளும் தட்டினாள். பக்கத்தில் மாஸ்டர் இருந்தார்.

அடுத்தது அவள் பெயர்.

நடுவர் கம்பை நிறுத்தினார். குனிந்து அவள் காலைப் பார்த்தார். வெறுங்கால்தான்.

"கம்பு குறையுதேம்மா."

அவளுக்குப் புரியவில்லை. கம்பு எப்படிக் குறையும்? போன வருடம் சரியாக இருந்த கம்பு. வாங்கி முகத்தோடு ஒட்டிப் பார்த்தாள். நுனி கண்ணுக்கு நேரே நின்றது.

வருடம் முழுக்க ரெக்ஸ்லின் வளர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் வளர்வோம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

"வேற கம்பு இருந்தா சீக்கிரம் கொண்டா. அடுத்த பிள்ளையக் கூப்பிடணும்."

மாஸ்டர் ஓடினார். பெரிய பையன்களின் கம்பு நீளமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளின் கம்பு இதைவிடக் குட்டை. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் ரெக்ஸ்லின் பார்ப்பாளே என்று அடக்கிக்கொண்டாள்.

ரெக்ஸ்லின்தான் வந்தாள். வியர்வை வழிய வந்து, தன் கம்பை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வளந்துட்டீங்கக்கா. போன மாசமே பாத்துட்டேன். வேணும்னேதான் சொல்லல."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தேசியப் போட்டிக்குப் போய் வந்தவள். ஜெர்கின் போட்டவள். வாசலில் படமாகத் தொங்குகிறவள். அப்படிப்பட்டவள் இந்த ஓரத்தில் நிற்கிறவளை உற்றுப் பார்த்திருக்கிறாள். கண்ணாலேயே அளந்திருக்கிறாள். அளந்து, பயந்துபோய், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்த ஒரு வருடத்தில் யாரும் அவளுக்கு இவ்வளவு நல்ல சேதி சொன்னதில்லை.

கம்பை வாங்கினாள். பிடி ஈரமாக இருந்தது. நாடாவை அவிழ்த்து ரெக்ஸ்லினின் கையில் கொடுத்துவிட்டு, ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்தாள்.

நடுவர் மறுபடியும் கம்பை நிறுத்தினார்.

நுனி அவள் புருவத்தில் வந்து நின்றது.