வாளியின் ஓட்டை

கயிற்றை உதறிக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்த நாளிலிருந்து அந்தத் தகர வாளி அடிச்சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. விழுந்த வேகத்தில் பிடி கழன்றுபோயிற்று. கல்லில் மோதி வயிற்றில் ஓர் ஓட்டையும் விழுந்தது. அந்த ஓட்டையை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வாளி அதைச் சேற்றில் அழுத்தி மறைத்துக்கொண்டது.

கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக் கரண்டி தினமும் தன் கொக்கிகளோடு இறங்கி வந்து வாளியைத் தடவும். மாட்டுவதற்கு ஒன்றும் அகப்படாது.

"எஜமான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். கொஞ்சம் திரும்பிப் படேன்."

"அவரிடம் வேறு வாளியே இல்லையா?"

"இருக்கிறது. உன்னைத்தான் கேட்கிறார்."

"நானாக உதறிவிட்டு வந்தவன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? முதலில் என்னைச் சரிபண்ணிக்கொள்கிறேன்."

சேற்றில் கிடந்து எதைச் சரிபண்ண? துருதான் ஏறியது. கரண்டி சேற்றை அள்ளிக்கொண்டு திரும்பிப் போகும், மறுநாளும் வரும். அந்தக் கயிற்றுச் சத்தம் கேட்டாலே வாளி இன்னும் ஆழமாகச் சேற்றில் அழுந்திக்கொள்ளும்.

ஒரு நாள் அதன் விளிம்பு உதிரத் தொடங்கியது. வாளிக்கு மனசு விட்டுப்போயிற்று.

"நான் எதற்கும் ஆக மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு. வேண்டுமானால் நீயே பார்" என்று அழுதுகொண்டே புரண்டு, இத்தனை நாள் மறைத்ததைக் காட்டியது.

கரண்டி ஒரு கொக்கியை அந்த ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டு, கயிற்றை இரண்டு தரம் ஆட்டியது.